அடிபிடி: கரிசல் மேடையில் பொய்ச்சண்டை வந்த வழி

பசுவந்தனையைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் பருத்தியும் மிளகாயும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் கோவில் கொடை. பங்குனி, சித்திரையில் நிலம் வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பின் மேலேயே சாக்கையும் பாயையும் விரித்து, கோவிலுக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருக்கும். ஒருநாள் வில்லுப்பாட்டு, ஒருநாள் கரகாட்டம், ஒருநாள் நாடகம். நாடகம் என்றால் பெரும்பாலும் ‘வள்ளி திருமணம்’தான். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும் நேரத்தில்தான் வள்ளிக்கு மாலை விழும். முருகனும் வள்ளியும் வர நெடுநேரமாகும். முதலில் வருகிறவர் பபூன்.

அப்படியொரு கொடையில், நள்ளிரவு தாண்டிய பிறகு, பபூனும் டான்ஸ் வேடக்காரப் பெண்ணும் புருசன் பொண்டாட்டியாக மேடையேறினார்கள். வாய்ச்சண்டை முற்றி அவர் கையை ஓங்கினார். பளாரென்று சத்தம். அந்த அம்மா சுழன்று விழுந்தார், எழுந்தார், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு திருப்பி அடித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு முன்னால் இருந்த பையன் மட்டும் சிரிக்கவில்லை.

“நெசமாவே அடிக்கானா ஆச்சி?”

“சும்மாலே. நாடகத்துக்கு அடிக்கான்.”

“அப்பம் சத்தம் எங்க இருந்து வருது?”

ஆச்சி பதில் சொல்லவில்லை. நான் அடுத்த அடிக்காகக் காத்திருந்து பக்கவாத்தியத்தைப் பார்த்தேன். கை கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போகிறது. அதே நொடியில் ஆல்ரவுண்ட் என்ற தாளவாத்தியம் வாசிக்கிறவரின் குச்சி விழுகிறது. மேடையில் இருக்கிற மூவரும் ஒரே மூச்சில் செய்கிற வேலை அது. ஒத்திகை கிடையாது. ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இந்த வகையில் நாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் நாயகியான ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வருவார்கள். அன்றைய பபூனும் டான்சும் அன்றைக்குச் சாயங்காலம்தான் சந்தித்திருக்கவும் கூடும். இதற்குக் கலைஞர்கள் வைத்திருக்கும் பெயர் ‘அடிபிடி’. அந்தக் காட்சி எந்த வழியாக இங்கே வந்தது, அதில் விழும் அடி யார் மேல் படுகிறது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

பெண்ணோடு சண்டை போட்டு மேடையையும் நிஜத்தையும் குழப்பிய நகைச்சுவைக்காரர் என்றதும் உலகம் நினைவுகூர்வது அமெரிக்காவின் ஆண்டி காஃப்மனை. 1949இல் நியூயார்க்கில் பிறந்தவர். ‘டாக்ஸி’ தொலைக்காட்சித் தொடரால் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். 1979 முதல் அவர் மேடையில் பெண்களை மல்யுத்தத்துக்கு அழைத்தார். தன்னை வீழ்த்தும் பெண்ணுக்கு 1,000 டாலர் என்று அறிவித்தார். பெண்களை வாய்க்கு வந்தபடி ஏசினார். மெம்பிஸ் நகரத்து மக்களுக்குச் சோப்புப் போடக் கற்றுத்தருவதாக ஒரு படச்சுருளே அனுப்பி, ஊரைக் கொதிக்கவைத்தார். 1982 ஏப்ரல் 5 அன்று அந்த ஊரின் மல்லர் ஜெர்ரி லாலர் அவரைத் தலைகீழாகத் தூக்கி, தலை தரையில் படும்படி இறக்கினார். காஃப்மன் ஆம்புலன்சில் போனார். அதன்பின் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டே திரிந்தார். ஜூலை 28 அன்று டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் லாலர் அவரை அறைந்தது அமெரிக்கா முழுவதும் செய்தி. இருவரும் பேசிவைத்துக்கொண்டு செய்தது என்பது காஃப்மன் இறந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே வெளிவந்தது. அதுவரை லாலர் வாயைத் திறக்கவில்லை.

அமெரிக்கக் குஸ்தியில் இந்த வாய்க்கட்டுக்கு ‘கேஃபேப்’ என்று பெயர். ஊர் ஊராகப் போன கார்னிவல் கூடாரக்காரர்களின் குழூஉக்குறியிலிருந்து வந்த சொல். பணம் கட்டி உள்ளே வந்தவனுக்கு உள்விவகாரம் தெரியக்கூடாது. அதற்காக ஒரு தனிப்பேச்சு. 1920களுக்குள் அங்கே தொழில்முறை மல்யுத்தம், முடிவை முன்கூட்டியே பேசி ஆடும் ஆட்டமாகிவிட்டது. அங்கும் சத்தத்துக்கு வழி இருக்கிறது: குத்து முகத்தை நோக்கிப் போகும்போது குத்துகிறவரின் கால் மேடைப் பலகையை ஓங்கி மிதிக்கும். கண்ணுக்குத் தெரிவது குத்து; காதில் விழுவது பலகை. 1989இல் நியூஜெர்சி மாநிலத்தில் இதை விளையாட்டல்ல, கேளிக்கை என்று அந்தத் தொழிலை நடத்தியவர்களே ஒப்புக்கொண்டார்கள். விளையாட்டுக்கான வரியும் கட்டுப்பாடும் தங்களுக்கு வேண்டாம் என்பதற்காக.

நம் பக்கத்தில் யாரும் அப்படி ஒப்புக்கொள்ள வேண்டிய தேவையே வரவில்லை. மேடைச் சண்டை பொய் என்பது முதலிலிருந்தே எல்லாருக்கும் தெரியும். அதன் வேர் திருநெல்வேலிச் சீமையின் சிற்றிலக்கியங்களிலேயே கிடக்கிறது. ‘முக்கூடற்பள்ளு’வில் பள்ளனின் இரு மனைவியரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறார்கள், அந்த ஏசல் இல்லாமல் பள்ளு இலக்கியமே இல்லை. ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யில் தேடித் திரிந்து சிங்கியைக் கண்ட சிங்கன், அவள் உடம்பில் கிடக்கும் நகைகளைப் பார்த்துச் சந்தேகத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்கிறான், அவள் விடாமல் பதில் சொல்கிறாள். இரண்டிலும் வீட்டுச் சண்டை ஊர் நடுவே நின்று பாடும் பாட்டாகிறது. இன்றைய கரகாட்டத்துக் குறவன் குறத்தி ஆட்டத்தையும் அடிபிடியையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் சிங்கனையும் சிங்கியையும் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆவணம் வைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேர்கோடு இழுக்க முடியாவிட்டாலும், ஆணும் பெண்ணும் சபையில் வாய்ச்சண்டை போடுவதை ரசிக்கும் காது இந்தப் பக்கத்துக்குப் பழையது என்று துணிந்து சொல்வேன்.

இந்தக் காதுக்கு மேடை அமைத்துக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பார்சி நாடகக் குழுக்கள் திரையும் ஆர்மோனியமும் கொண்டுவந்திருந்த காலத்தில், ஊர்க்கதைகளை அந்த மேடைக்கு எழுதித் தந்தார். இன்று கரிசலில் ஆடும் ‘வள்ளி திருமண’மும் அவருடைய வழியில் வந்ததே. அவர் ஏன் நடிப்பை விட்டார் என்பதற்கு நாடகக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். சனீஸ்வரன் வேடம் கட்டி ஆடிவிட்டு, விடியும் முன் வேடத்தைக் கழுவக் குளத்துக்குப் போனாராம். அங்கே வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அவரைப் பார்த்து அலறி விழுந்து உயிரை விட்டாளாம். அன்றோடு அரிதாரத்தை விட்டுவிட்டு எழுத்துக்கும் பயிற்சிக்கும் போனார் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, தலைமுறை தலைமுறையாக அதைச் சொல்லிவந்ததற்குக் காரணம் உண்டு. கொட்டகைக்குள் இருக்கும்வரை சனீஸ்வரன் நடிகர். குளக்கரைக்கு வந்தால் சனீஸ்வரனே. வேடத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் பாவம் நேரும் என்ற அச்சம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. காஃப்மன் வேண்டுமென்றே தாண்டியது அந்த எல்லையைத்தான்.

1918இல் மதுரையில் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். இதைப் போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடத்தையும் பையன்களே கட்டினார்கள், கட்டுப்பாடு கடுமை. அதற்கு வெளியே வளர்ந்ததுதான் ஸ்பெஷல் நாடகம். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. கலைஞரை ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாகப் பேசி அழைப்பது. பெண்கள் பெண் வேடத்தில் ஆணோடு சேர்ந்து நின்றது இதில்தான். செங்கோட்டைக் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926இல் இலங்கை மேடையில் சந்தித்து, மறு ஆண்டு மணம் செய்துகொண்டார்கள். மேடையில் பாடிய காதலும் வீட்டுக் காதலும் ஒன்றா என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சுக்கே கூட்டம் கூடியது.

நிஜம் மேடைக்குள் புகுந்ததற்குச் சிவகாசியில் பிறந்த நாடக நடிகர் விசுவநாததாசைவிட அழுத்தமான சாட்சி இல்லை. வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டாக வெள்ளைக்காரனை விரட்டினார். கூட்டத்துக்கும் புரிந்தது, போலீசுக்கும் புரிந்தது. பலமுறை கைதானார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு 54 வயது. கொட்டகையில் இருந்தவர்களுக்கு அது நடிப்பில்லை என்று புரிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

1931க்குப் பிறகு பேசும்படம் கம்பெனிகளை விழுங்கியது. வில்லுப்பாட்டிலிருந்து டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனிக்குப் போன என்.எஸ். கிருஷ்ணன் அங்கிருந்து திரைக்குப் போனார். நடிகை மதுரத்தோடு ஜோடி சேர்ந்து புருசன் பொண்டாட்டிச் சண்டையைத் தமிழ்நாட்டுக்கே பொதுச்சொத்தாக்கினார். வெளியிலும் அவர்கள் கணவன் மனைவி என்பது அந்தச் சண்டைக்கு ஒரு பாதுகாப்பைத் தந்தது. கிராமத்தில் மிஞ்சிய ஸ்பெஷல் நாடகத்து டான்சுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர் எதிரே நிற்கிற பபூன் அயலான்.

இந்த இடத்தைக் கூர்ந்து பார்த்தவர் சூசன் சீசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகியவர். அவருடைய நூல் 2005இல் வந்தது. பபூன் கொச்சையாகப் பேச வேண்டியதைக் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, மேடையிலிருக்கும் ஆர்மோனியக்காரரையும் மிருதங்கக்காரரையும் பார்த்துப் பேசுகிறார் என்று அவர் காட்டுகிறார். ஆம்பளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பெண்கள் தற்செயலாகக் கேட்டதாக ஆகிவிடுகிறது. யாருடைய மானமும் போகவில்லை. அடிபிடிக்கும் நூலில் தனி இயல் உண்டு. வீட்டில் வாங்கும் அடியை மேடையில் பார்த்து, பெண்களும் ஏன் சிரிக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. கலைஞர்கள் தமக்குள் மட்டும் பேசும் நாடகப் பாஷை ஒன்றையும் அவர் பதிவுசெய்திருக்கிறார். பிறர் நடுவே இருந்தபடியே வரும்படியைப் பற்றியும் ஆட்களைப் பற்றியும் பேசிக்கொள்ள உதவும் சொற்கள்.

கேஃபேப்பும் நாடகப் பாஷையும் ஊர்சுற்றித் தொழில் செய்தவர்களின் மறைமொழிகள். காக்கிற பொருள்தான் வேறு. கேஃபேப், சண்டை பொய் என்ற செய்தியைக் காத்தது. நாடகப் பாஷை காப்பது கலைஞரைத்தான். ‘கூத்தாடி’ என்று குறைத்துப் பேசும் கூட்டத்தின் நடுவே அவர்கள் தலைநிமிர்ந்து பேசிக்கொள்ளக் கிடைத்த சிறிய இடம் அது. மெம்பிஸில் சண்டை பொய், ஆனால் ஊர் அதை மெய் என்று நம்பியது. பொய் வெளிப்பட்டபோது காஃப்மனின் பெயர் உயர்ந்தது: 1999இல் அவர் வாழ்க்கை படமானது, லாலர் அதில் லாலராகவே நடித்தார், 2023இல் அமெரிக்கக் குஸ்தி நிறுவனம் ஒன்றின் புகழ் மண்டபத்தில் காஃப்மனுக்கு இடம் கிடைத்தது. பசுவந்தனைப் பக்கத்தில் சண்டை பொய் என்று ஆறு வயதுப் பையனுக்கும் ஆச்சி சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் மேடையில் அந்தப் பெண் காட்டிய துடுக்கு மட்டும் அவருடைய சொந்தக் குணம் என்று ஊர் வைத்துக்கொள்கிறது. அடியைப் பொய் என்று ஏற்றுக்கொண்டவர்கள், அடி வாங்கியவர் மேல் சுமத்தும் இழிவை மெய்யாக்கிவிடுகிறார்கள். பபூன் வீட்டுக்குப் போனால் பபூன் இல்லை. டான்சுக்கு அந்த விடுதலை கிடைப்பதில்லை. இது அநியாயம். அந்தக் கலையை விரும்பிப் பார்க்கிறவன் என்பதால் என்னால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

நடிகைகள் நாடகத்துக்குப் போகும் வழியைப் பற்றியும் சீசர் எழுதியிருக்கிறார். வேனுக்குள்ளும் மேடைக்குப் பின்னாலும் அவர்கள் வீட்டுப் பெண்ணின் அடக்கத்தைக் கவனமாகக் கூடவே எடுத்துப் போகிறார்கள் என்று. அந்தக் கொடை முடிந்த காலையில் அதை நானும் கண்டேன். ஐந்தரை மணிக்குக் கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில், பூக்கட்டுகிறவர்களுக்குப் பக்கத்துத் திண்ணையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். சாதாரண நூல் சேலை, இறுகப் போட்ட கொண்டை, மடியில் மார்க்கெட் பை. காதோரத்தில் மட்டும் ரோஸ் பவுடர் கொஞ்சம் மிச்சமிருந்தது. மதுரை பஸ் வரும்வரை ஈரக் கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.