பழம்பொருளும் அறநிதியும்



2004 டிசம்பர் 26 அன்று நம் எண்ணூர், திருவொற்றியூர்க் குப்பங்களையும் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின், தமிழகக் கரையோரங்களுக்கு வந்த பழந்துணிகள் பல இடங்களில் எடுப்பாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன. தேவையறியாத ஈகை வீணாகும் என்பதற்கு அது சான்று.

இதற்கு வரலாறு ஒரு வழி காட்டுகிறது. கிரேக்க நாட்டுப் பஞ்சத்திற்கு உதவ 1942-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் தோன்றி, பின்னாளில் ‘ஆக்ஸ்ஃபாம்’ எனப் பெயர்பெற்ற குழு, 1947-இல் அங்கே பிராட் தெருவில் கடை திறந்தது. நன்கொடையாக வந்த பழம்பொருள்களை விற்று நிவாரண நிதி திரட்டியது. நம் நாட்டில் 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்போ, துணிகளைத் தரம் பிரித்து, ஊர்ப்பணி செய்வோருக்கு அதற்கு ஈடாக வழங்குகிறது.

வழிகள் வேறாயினும் படிப்பினை ஒன்றே. சிறுவிலை கொடுத்தோ, உழைத்தோ பெறுபவர் கைநீட்டி நிற்பதில்லை. அவர்தம் மானம் காக்கப்படுகிறது.