கட்டுச்சோற்றுக் கணக்கு

நெடுவழி நடக்கப் புறப்படுவோர் எவ்வளவு உணவு சுமந்து செல்லவேண்டும் என்ற கேள்விக்கு ஐந்தாம் வகுப்பு மாணவனும் விடை கூறிவிடுவான். ஓர் ஆள் ஒரு நாளைக்கு உண்பது இவ்வளவு, ஆட்கள் இத்தனை பேர், நாட்கள் இத்தனை. மூன்றையும் பெருக்கினால் விடை வந்துவிடும். பல ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: இக்கணக்கில் பெருக்கல் பிழையாவதில்லை. பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட எண்களுள் ஒன்றே பிழையாகிறது. ஆட்களின் தொகையை நாம் அறிவோம். நாள் முழுதும் சுமையோடு நடப்பவனுக்கு உலர்ந்த உணவாக முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வேண்டும் என்பதையும் பட்டறிவால் அறிவோம். ஆனால் நாட்களின் தொகையை வகுப்பவர் நாமல்லர். வழியும் வானமும் உடல்நலமும் சேர்ந்தே அதனை வகுக்கின்றன.

நம் முன்னோர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நடந்த காலத்தில், வழியெங்கும் சத்திரமும் சாவடியும் இருந்தன. கட்டிய சோறு தீர்ந்தாலும் கை நனைக்க ஓர் இடம் கிடைக்கும். சத்திரமே இல்லாத நிலத்தில், மூட்டையில் உள்ளதே முழு வாழ்வு என்ற நிலையில், இந்தக் கணக்கைப் போட்டவர்களும் உண்டு. அவர்களுள் பர்க், வில்ஸ் என்னும் இருவரின் வரலாறு மாணவர் அனைவரும் அறியத் தக்கது.

1860ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாக் கண்டத்தின் கரையோரங்களில் நகரங்கள் எழுந்துவிட்டன. நடுப்பகுதியோ வெள்ளையர்களின் படங்களில் வெற்றிடமாகவே கிடந்தது. தென்கரையிலிருந்து வடகரைக்கு நிலவழியே முதலில் செல்பவர் யார் என்ற போட்டி எழுந்தது. விக்டோரியாவின் அரச கழகம் ஒரு குழுவைத் திரட்டிற்று. தலைவராக அமர்த்தப்பட்ட ராபர்ட் ஓஹாரா பர்க் அயர்லாந்தில் பிறந்தவர்; போலீஸ் அதிகாரி; அஞ்சாதவர்; ஆயினும் காட்டுவழிப் பயணத்தில் பழக்கமில்லாதவர். வில்லியம் ஜான் வில்ஸ் நில அளவையர், நுட்பமான அறிவினர். பயணத்திற்கென்றே கராச்சித் துறைமுகத்திலிருந்து ஒட்டகங்களும், அவற்றை நடத்த நம் துணைக்கண்டத்து ஆட்களும் கப்பலில் கொண்டுவரப்பட்டனர். இந்தியாவில் படைவீரராக இருந்த ஜான் கிங் என்ற இளைஞரும் அவர்களோடு வந்தார். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1860 ஆகஸ்ட் 20ஆம் நாள் மெல்போர்ன் நகரமே திரண்டு வழியனுப்பிற்று. ஆட்கள் 19 பேர், ஒட்டகங்கள் இருபத்தாறு, குதிரைகள் இருபத்து மூன்று, வண்டிகள் ஆறு. இரண்டு ஆண்டுகளுக்குப் போதிய உணவு. மொத்தச் சுமை ஏறத்தாழ 20 டன். அதில் கருவாலி மரத்து மேசையும், நாற்காலிகளும், வாணங்களும், சேகண்டியும் இருந்தன. ஒட்டகங்களின் நலத்துக்கென 60 காலன் ரம் என்னும் மதுவும் இருந்தது! நகரெல்லையைத் தாண்டுமுன்பே வண்டிகள் ஒடிந்தன. மெனிண்டீ என்ற சிற்றூரை அடைய 56 நாட்கள் ஆயின; அஞ்சல் வண்டி ஒரு வாரத்துக்குச் சற்று மேலாக எடுத்துக்கொள்ளும் தொலைவு அது. வழியில் சுமையைக் குறைக்க எண்ணிச் சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் விட்டுச்சென்றனர். நெடும்பயணத்தில் வரும் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சைச் சாறே மருந்து என்பதைக் கடலோடிகள் அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். எதைச் சுமப்பது என்பதைவிட எதை இறக்கிவைப்பது என்பதே கடினமான முடிவு என்பேன் நான்.

மெனிண்டீயில் பர்க் குழுவைப் பிரித்தார். ஏழு பேரை அழைத்துக்கொண்டு முன்னேறி, நவம்பரில் கூப்பர் ஓடையை அடைந்தார். எஞ்சிய பொருள்களைப் பின்னால் கொண்டுவரும் பொறுப்பு ரைட் என்பவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவரோ ஜனவரி இறுதிவரை மெனிண்டீயைவிட்டுக் கிளம்பவேயில்லை. பர்க்குக்குக் காத்திருக்கும் மனம் இல்லை. ஸ்டூவர்ட் என்பவர் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து இதே போட்டியில் இறங்கியிருந்தார். எனவே டிசம்பர் 16ஆம் நாள், அந்நாட்டின் கடுங்கோடையில், பர்க், வில்ஸ், கிங், கிரே என்ற நால்வரும் ஆறு ஒட்டகங்களோடும் ஒரு குதிரையோடும் வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். பிராஹே என்பவரும் வேறு மூவரும் ஓடைக்கரையில் முகாம் காத்தனர். மூன்று மாதம் காத்திருக்குமாறு பர்க் சொன்னார். நான்கு மாதம் காத்திருக்குமாறு வில்ஸ் தனியே வேண்டிக்கொண்டார். அளவையருக்குத் தொலைவின் இயல்பு தெரியும் போலும்.

நால்வரும் எடுத்துச்சென்றது 12 வாரங்களுக்குரிய உணவு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வாரம் என்றால் 84 நாட்கள். நால்வருக்கு ஆளுக்கு ஒரு கிலோ வீதம் கொண்டால் 336 கிலோ. ஆறு ஒட்டகங்களுக்கு அது பெருஞ்சுமையன்று. ஆகவே எடையில் குறையில்லை, பெருக்கலிலும் குறையில்லை. ஆனால் 84 நாட்கள் என்பது போவதற்கும் வருவதற்கும் சேர்த்தே என்பதை எண்ணுங்கள். பாதி உணவு தீரும் நாள் எதுவோ, அதுவே திரும்பியாக வேண்டிய கடைசி நாள். நாற்பத்திரண்டாம் நாள், அதாவது 1861 ஜனவரி 27, அந்த நாள். அன்று அவர்கள் இன்னும் வடக்கு நோக்கியே சென்றுகொண்டிருந்தனர், கடல் எட்டவில்லை. மழை பெய்து நிலம் சேறாகி ஒட்டகங்களின் கால்கள் புதைந்தன. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் கார்ப்பெண்டாரியா வளைகுடாவின் அருகே சென்றனர். உப்புநீர் ஏறி இறங்கும் ஆற்றைக் கண்டனர். அலையாத்திக் காடு குறுக்கிட்டமையால் திறந்த கடலைக் காணாமலே திரும்பினர். புறப்பட்டு எட்டு வாரங்களுக்கு மேலாகிவிட்டன. கையில் நான்கு வாரத்துக்கும் குறைவான உணவே இருந்தது.

இனி நடந்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். நாளுக்குரிய பங்கைக் குறைத்தனர். ஒட்டகங்களைக் கொன்று உண்டனர். ஏப்ரல் 10ஆம் நாள் குதிரையையும் கொன்றனர். வழியில் முளைத்திருந்த கீரை ஒன்றும் கைகொடுத்தது. அது நம் வீடுகளில் சமைக்கப்படும் பருப்புக்கீரையின் இனம். பங்குக்கு மேல் மாவை எடுத்து உண்டதாகக் கிரேயைப் பர்க் அடித்தார். கிரே தாம் நோயுற்றிருப்பதாகச் சொல்லியிருந்தார், சொன்னது உண்மை. ஏப்ரல் 17ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. மற்ற மூவருக்கும் ஆழமாகக் குழி தோண்டவும் வலுவில்லை. அடக்கம் செய்து இளைப்பாற ஒரு நாள் சென்றது.

அந்த ஒரு நாள் கழிந்து, ஏப்ரல் 21 மாலையில் மூவரும் கூப்பர் ஓடை முகாமை அடைந்தனர். முகாமில் ஒருவரும் இல்லை. பிராஹே 18 வாரம் காத்திருந்துவிட்டு, உடன் இருந்தவர் ஒருவர் நோயுற்றமையால், அன்று காலையில்தான் புறப்பட்டுச் சென்றிருந்தார். இடைவெளி ஒன்பது மணி நேரம். அன்றிரவு அவர் தங்கியிருந்த இடம் அங்கிருந்து 22 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 22 கிலோமீட்டரை எட்டிப் பிடிக்கும் ஆற்றல் மூவருக்கும் இல்லை. புறப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் 126 நாட்கள். எண்பத்து நான்கு நாள் உணவில் நூற்று இருபத்தாறு நாள்! கூடுதலான 42 நாட்களையும் தம் உடலிலிருந்தும் விலங்குகளின் உடலிலிருந்தும் ஈடுகட்டியிருந்தனர்.

பிராஹே கல்நெஞ்சர் அல்லர். ஒரு மரத்தில் தோண்டுமாறு குறி செதுக்கி, அதன் அருகே உணவைப் புதைத்துச் சென்றிருந்தார். மாவு 50 பவுண்டு, அரிசி 20, ஓட்ஸ் மாவு 60, சர்க்கரை 60, உலர்ந்த இறைச்சி 15. மொத்தம் 205 பவுண்டு, ஏறத்தாழ 93 கிலோ. ஆளுக்கு ஒரு கிலோ என்றால் மூவருக்கு ஒரு மாதம். வந்த வழியே மெனிண்டீக்குத் திரும்ப வில்ஸ் விரும்பினார். பர்க்கோ சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில் மவுண்ட் ஹோப்லெஸ் என்ற மலைப்பக்கத்தில் வெள்ளையர் குடியிருப்பு உண்டென்று அத்திசையைத் தேர்ந்தார். காகிதத்தில் இதுவும் சரியான கணக்கே. ஆனால் எஞ்சிய இரண்டு ஒட்டகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. ஒட்டகம் போனபின் தண்ணீர் சுமக்க வழியில்லை. தண்ணீரில்லாமல் ஓடைக்கரையைவிட்டு அகல முடியவில்லை. இன்னும் கொடுமை, புதையலை எடுத்தபின் குழியை மூடினார்களேயன்றி மரத்தில் புதிய குறி எதுவும் செதுக்கவில்லை. மே 8ஆம் நாள் பிராஹேயும் ரைட்டும் அங்கே திரும்பி வந்து பார்த்தனர். எதுவும் மாறவில்லையென்று கருதித் தோண்டாமலே சென்றுவிட்டனர்.

இங்கேதான் நான் சிறப்பாகச் சொல்லவந்த செய்தி இருக்கிறது. உணவில்லாமல் மூவரும் தவித்த அந்த ஓடைக்கரை வெறும் பாழ்நிலமன்று. யாந்த்ருவாந்தா என்னும் ஆதிக்குடி மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தனர். மீன் பிடித்தனர், நார்டூ என்ற செடியின் விதைபோன்ற கெட்டியான உறைகளை அரைத்து அடை சுட்டனர். நார்டூ நமக்கு முற்றும் புதியதன்று. நம் வயல்வரப்பிலும் குளக்கரையிலும் நான்கு சிற்றிலைகளோடு படரும் ஆரைக்கீரையின் நெருங்கிய உறவே அது. அம்மக்கள் வந்தவர்களுக்கு மீனும் அடையும் கொடுத்தனர். பர்க் ஐயமும் அச்சமும் கொண்டு அவர்களை அண்டவிடவில்லை. ஒரு முறை துப்பாக்கியும் வெடித்தார். அவர்கள் ஓடைக்கரையைவிட்டு விலகிப் போயினர்.

மூவரும் நார்டூவைத் தாமே பொறுக்கி, தாமே இடித்து உண்டனர். வயிறு நிறைந்தது, கால்கள் தளர்ந்தன. உண்டும் ஏன் மெலிகிறோம் என்று வில்ஸ் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். அதற்கு விளக்கம் 1994இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் வெளிவந்தது. நார்டூவில் தயமின் என்னும் உயிர்ச்சத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று மிகுதியாக உள்ளது. அச்சத்து குறைந்தால் பெரிபெரி என்ற நோய் வந்து நரம்பும் நடையும் கெடும். வறுத்தும், தண்ணீர்விட்டு அரைத்தும் ஆக்கும் பழங்குடி மக்களின் பக்குவம் அந்த நஞ்சின் வலிமையை அடக்கியது. பக்குவம் அறியாமல் உண்டவரை அது மெல்ல வீழ்த்தியது. ஸ்கர்வியும் களைப்பும் குளிரும் இதனோடு சேர்ந்திருக்க வேண்டும். ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ, சில நாட்களுக்குள், வில்ஸும் பர்க்கும் இறந்தனர். வில்ஸுக்கு வயது 27.

பர்க்கை மட்டும் பழிப்பது முறையன்று. ஒரு கண்டத்தைக் கடந்த துணிவு அவருடையது. எனினும் அவரோடு போட்டியிட்ட ஸ்டூவர்ட்டின் வரலாற்றையும் அருகே வைத்துப் பார்க்கவேண்டும். அவர் 1860இல் கண்டத்தின் நடுவைக் கடந்து சென்றும் திரும்பினார். 1861இல் மேலும் வடக்கே சென்று, உணவு குறைந்ததும் மறுபடி திரும்பினார். மூன்றாம் முறை, 1862 ஜூலை 24ஆம் நாள் வடகடலில் காலை நனைத்தார். அவரும் நலமாக மீளவில்லை. ஸ்கர்வியால் கண்ணொளி குன்றி, இரு குதிரைகளுக்கிடையே கட்டிய தூளியில் கிடந்தே ஊர் வந்தார். ஆனால் உடன் சென்றோருள் ஒருவரையும் அவர் இழக்கவில்லை. பர்க்கின் பயணத்திலோ, பின்வந்த ரைட்டின் குழுவினரையும் சேர்த்து ஏழு பேர் மாண்டனர்.

ஜான் கிங் என்ன ஆனார்? தனித்து நின்ற அவர் யாந்த்ருவாந்தா மக்களைத் தேடிச் சென்று சேர்ந்தார். அவர்களுக்காகப் பறவைகளைச் சுட்டுக் கொடுத்தார். ஒரு பெண்ணின் கைப்புண்ணுக்கு மருந்திட்டார். அவர்கள் இருக்க இடமும் உண்ண மீனும் நார்டூவும் அளித்து இரண்டரை மாதம் அவரைக் காத்தனர். செப்டம்பர் 15ஆம் நாள் ஹோவிட் என்பவர் தலைமையில் தேடிவந்த குழுவினர், எலும்பும் தோலுமாக நின்ற அவரைக் கண்டெடுத்தனர். திரும்புமுன் ஹோவிட் அம்மக்களை அழைத்துக் கத்திகளும் கோடரிகளும் நன்றிப் பரிசாக அளித்தார். சர்க்கரை 50 பவுண்டும் மாவு 50 பவுண்டும் பங்கிட்டுக் கொடுத்தார். சர்க்கரை உடனே வாய்க்குள் போயிற்று. மாவைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள், அது வெள்ளையரின் நார்டூ என்று பெயரிட்டனர்.