மனப்பாடக் கணக்கு

நண்பன் ஒருவன் போன வருஷம் தன்னுடைய 650 சிசி பைக்கின் இரண்டு சைலன்ஸர்களையும் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு வேறு இரண்டை மாட்டினான். கூடவே ஏர் ஃபில்டரையும் மாற்றினான். வீட்டில் சொல்லக்கூடிய செலவு இல்லை அது. முதல் நாள் குரல் கம்பீரமாக இருந்தது. இரண்டாம் நாள், ஆக்ஸிலரேட்டரை விடும்போதெல்லாம் பின்னால் பட்பட்டென்று வெடித்தது. மூன்றாம் நாள் டிராஃபிக்கில் ஊரும்போது வண்டி குதித்துக் குதித்துப் போனது. "காசு குடுத்து வியாதி வாங்கின மாதிரி இருக்குடா" என்றான்.

அவனோடு நானும் ஒரு கடைக்குப் போனேன். ஸ்பேனரைவிட லேப்டாப்புக்கு அதிக மரியாதை இருக்கும் கடை. அங்கிருந்த அண்ணன் வண்டியை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எஞ்சினுக்கு இன்னும் பழைய சைலன்ஸர்தான் இருக்குன்னு நெனப்பு. அதுகிட்ட யாரும் சொல்லலையே."

ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு படிக்கப் படிக்கத் தெரிந்தது, அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

கார்புரேட்டர் காலத்தில் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவு, ஜெட் என்கிற சின்னத் துளை வழியாகப் பெட்ரோலை இழுக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். அது கணக்குப் போடுவதில்லை. காற்றே தன் பங்குப் பெட்ரோலை இழுத்துக்கொள்கிறது. துல்லியம் போதாதுதான். சைலன்ஸரைத் திறந்துவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், டிகாஷன் நிறத்தில் இருந்தால் சரி. ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பார். அவ்வளவுதான் டியூனிங்.

இதில் முதலில் கைவைத்தது அமெரிக்கச் சட்டம். 1978-இல் அங்கே மோட்டார் சைக்கிள்களுக்குப் புகை வரம்பு வந்தது. தயாரிப்பாளர்கள் பெட்ரோலைச் சிக்கனமாகவே விடும்படி ஜெட்களை அமைத்தார்கள். புகை குறைந்தது, குளிரில் இருமலும் நடுவேகத்தில் தயக்கமும் வந்தன. அந்த இருமலுக்கு மருந்தாகத்தான் ஜெட் கிட் என்கிற தனி வியாபாரமே வளர்ந்தது. டைனோஜெட் மாதிரியான நிறுவனங்கள் அதில் பெயர் எடுத்தன. ஆக, இந்தக் கலை தொடக்கத்திலிருந்தே வெறும் வேக ஆசை மட்டுமில்லை, சட்டத்தோடு நடந்த பேச்சுவார்த்தையும்கூட.

1980-இல் கவாஸாகி தன் இஸட்1000 வரிசையில் ஒரு வண்டிக்கு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்தது. பாஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கிய முறை அது. உள்ளே வரும் காற்று ஒரு மடிப்புக் கதவைத் தள்ளும். கதவு எவ்வளவு திறக்கிறது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் காற்றை அளந்து பெட்ரோல் விடும். அதாவது அந்தப் பெட்டிக்குக் காற்று தெரியும். ஆனால் அந்தக் கதவு இடத்தை அடைத்தது, வழியையும் மறித்தது. இரண்டே வருடத்தில், ஜிபிஇஸட்1100-இல் கவாஸாகியே அதைத் தூக்கிவிட்டது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றுகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும், காற்றை ஊகித்துவிடலாம் என்று முடிவுசெய்தார்கள்.

என்னைக் கேட்டால் இந்தச் சரித்திரத்தின் திருப்பமே இந்த இடம்தான். இன்றைக்கும் பெரும்பாலான பைக்குகளில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. த்ராட்டில், ஆர்பிஎம், சில வண்டிகளில் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம், காற்றின் வெப்பம், இவ்வளவுதான். மிச்சமெல்லாம் மனப்பாடம். தொழிற்சாலையில் ஒரு வண்டியை நிறுத்தி ஓட்டி, இந்தத் திறப்புக்கும் இந்தச் சுற்றுக்கும் இத்தனை மில்லிசெகண்ட் இன்ஜெக்டர் திறக்கட்டும் என்று கட்டம் கட்டமாக எழுதிவைக்கிறார்கள். இதற்குப் பெயர்தான் மேப். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனைப்போல ஈசியூ அதைத் திருப்பிச் சொல்கிறது. கேள்வித்தாளை மாற்றினாலும் விடை மாறாது.

சைலன்ஸரும் ஏர் ஃபில்டரும் கேள்வித்தாளைத்தான் மாற்றுகின்றன. எஞ்சின் இப்போது அதிகக் காற்றை இழுக்கிறது, பெட்ரோல் பழைய கணக்கிலேயே வருகிறது. முழுதாக எரிய ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். முழு முறுக்கில் சக்தி வேண்டுமென்றால் 13 கிலோ அளவில் இருப்பது நல்லது. அந்த நேரத்தில் விகிதம் 15, 16 என்று ஏறினால் சிலிண்டர் சூடாகும், வண்டி திக்கும்.

மனப்பாடத்தைத் திருத்த முதலில் இருந்த வழி பெட்டியைத் திறப்பது. 1980-களின் கடைசியில் வந்த டுகாட்டி 851-இல் வெபர்-மரெல்லி இன்ஜெக்‌ஷன். அதன் மேப் ஒரு சிப்பில் இருந்தது. டெர்மிக்னோனி சைலன்ஸர் மாட்டுகிறவர்கள் அதற்கேற்ற சிப்பையும் வாங்கி, பழையதைப் பிடுங்கிவிட்டுச் செருகினார்கள். 1990-களின் இறுதியில் டைனோஜெட்டின் பவர் கமாண்டர் வந்தது. பெட்டியைத் தொடவே வேண்டாம். ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் புரோக்கர் மாதிரி உட்கார்ந்துகொண்டு, மேலிருந்து வரும் உத்தரவில் நூற்றுக்கு ஐந்து கூட்டும், மூன்று குறைக்கும். இதைவிட மலிவான தந்திரமும் உண்டு. காற்று வெப்பத்தைச் சொல்லும் சென்சாரின் கம்பியில் ஒரு சின்னச் செருகி. வெளியே இருப்பதைவிட காற்று குளிர்ந்திருப்பதாக அது பொய் சொல்லும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிவிடும். மே மாதச் சென்னையில் ஒரு பைக் மட்டும் மார்கழி என்று நம்பிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள்.

விஷயம் பெரிதானது ஹார்லி-டேவிட்சனில். ஹார்லிக்காரர்களுக்குச் சத்தம் என்பது சமாச்சாரம் இல்லை, சொத்து. எஞ்சின் ஓசைக்கே டிரேட்மார்க் கேட்டு 1994-இல் விண்ணப்பித்து, 2000-இல் கைவிட்ட நிறுவனம் அது. சைலன்ஸர், ஏர் கிளீனர், மேப் மூன்றையும் சேர்த்து மாற்றுவதற்கு அங்கே 'ஸ்டேஜ் 1' என்று பெயர். அந்த மேப்பை மாற்றும் கருவியை நிறுவனமே தன் ஷோரூம்களில் விற்றது. போட்டிக்கு மட்டும் பயன்படுத்த வேண்டியது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 2008 முதல் விற்றவை சுமார் 3,40,000. அத்தனை பேரும் பந்தயத்துக்கா போனார்கள்?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பும் அதைத்தான் கேட்டது. 2016 ஆகஸ்டில் சமரசம். 1.2 கோடி டாலர் அபராதம், அந்தக் கருவிகளின் விற்பனையை நிறுத்துவது, டீலர்களிடம் மிச்சமிருப்பவற்றைத் திரும்ப வாங்கி அழிப்பது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. கூடவே ஒரு விசித்திரமான ஷரத்து: பரிகாரமாக 30 லட்சம் டாலர் செலவில், ஒரு வட்டாரத்து வீடுகளின் பழைய விறகு அடுப்புகளை மாற்றித் தர வேண்டும். பைக் விட்ட புகைக்கு அடுப்பு பிராயச்சித்தம். அடுத்த வருடம் ஆட்சி மாறியதும் நீதித் துறை அந்த ஷரத்தைக் கைவிட்டுவிட்டது.

இந்த வழக்கில் நான் எந்தப் பக்கம் என்று இன்னும் எனக்கே தெளிவில்லை. என் வண்டி, என் காசு, அதன் மூளைக்குள் இருக்கும் கட்டங்களை நான் ஏன் திறக்கக்கூடாது என்பது நியாயமான கேள்வி. கால் சுற்று ஸ்க்ரூ திருப்பும் உரிமை இருந்த மெக்கானிக்கை ஒரு பாஸ்வேர்ட் வெளியே நிறுத்திவிட்டது. ஆனால் பின்னால் வருகிற ஸ்கூட்டியின் முன்பலகையில் நிற்கும் குழந்தை எந்த மேப்பையும் தேர்ந்தெடுக்கவில்லை. கூட்டிவிட்ட பெட்ரோலில் எரியாத மிச்சம் அதன் மூக்குக்குத்தான் போகிறது.

நம் ஊரில் 2006-இலேயே ஹீரோ ஹோண்டா கிளாமர் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. ஆனால் ஏறக்குறைய எல்லோருக்கும் அது வந்து சேர்ந்தது 2020 ஏப்ரல் 1-இல், பிஎஸ்6 விதியோடு. புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் சாதாரண வண்டிகளுக்கும் வந்தது. சீரான வேகத்தில் போகும்போது அது புகையை முகர்ந்து பார்த்து, மனப்பாடத்தைக் கொஞ்சம் திருத்தும். முழுதாக முறுக்கினால் கம்ப்யூட்டர் அதன் பேச்சைக் கேட்காது, மறுபடி வாய்ப்பாடுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பங்க் ஓரத்தில் எடுக்கும் புகைச் சான்றிதழோ பைக்கை ஐடிலிங்கில் நிற்கவைத்துச் சோதிப்பது. ஐடிலிங் கட்டங்களைத் தொடாமல் மற்றதையெல்லாம் மாற்றிய மேப் சிரமமில்லாமல் பாஸாகிவிடும்.

அன்று அந்த அண்ணன் வண்டியை டைனோ உருளைமேல் ஏற்றிக் கட்டினார். புகைக்குழாயில் ஒரு சென்சாரைச் செருகிவிட்டு, ஒவ்வொரு ஆர்பிஎம்மாகப் பிடித்து நிறுத்தி, திரையில் எண்களைத் தட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெடிப்பு அடங்கியது. "எவ்ளோ ஹார்ஸ்பவர் ஏறிச்சுண்ணா?" என்றான் நண்பன். "ரொம்ப எதிர்பார்க்காதீங்க தம்பி. திக்காம ஓடும்" என்றார். சொன்னபடியே ஓடியது.

கிளம்பும்போது ஒரு பென் டிரைவை நீட்டினார். கம்பெனி போட்ட பழைய மேப் அதில் இருக்கிறதாம். "தொலைச்சிடாதீங்க. வண்டிய விக்கும்போது கேப்பாங்க." நண்பன் அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டான். சைலன்ஸர்கள் இரண்டும் பரணில், பழைய போர்வை சுற்றி, அப்படியே இருக்கின்றன.