வாசல் ஜன்னலுக்கு ஒரு மறைப்பு

போன மாதம் எங்கள் வீட்டு வாசலறை ஜன்னலுக்குத் திரை வாங்கக் கடைக்குப் போனோம். திண்ணையைச் சுவரெழுப்பி அறையாக்கிய பிறகு அந்த ஜன்னல் நேரே தெருவைப் பார்த்து நிற்கிறது. கடைக்காரப் பையன் எதைக் கேட்டாலும் எடுத்துக் காட்டினான். சுருட்டி ஏற்றும் ரோலர், பட்டை பட்டையாக மாறி வரும் ஸீப்ரா, கண்ணாடியில் ஒட்டும் படலம், மெல்லிய வலைத்துணி. ஒவ்வொன்றுக்கும் ஒரே பாட்டுதான்: "உள்ளேருந்து வெளியே தெரியும், வெளியேருந்து உள்ளே தெரியாது சார்." என் மனைவி கேட்டாள்: "ராத்திரி லைட் போட்டா?" பையன் கழுத்தைச் சொறிந்துகொண்டு விலைப்பட்டியலை எடுக்கப் போனான்.

எதுவும் வாங்காமல் திரும்பினோம். வழியெல்லாம் எனக்குப் பழைய வீட்டு ஞாபகம்தான்.

எங்கள் தாத்தா வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருவில் இருந்தது. தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, கதவைத் தாண்டினால் இருட்டான நடை, நடை முடிந்தால் வெளிச்சமாக முற்றம். தாழ்வாரம் தெருவில் போகிறவனுக்குச் சொந்தம். மழைக்கு ஒதுங்க யாரையும் கேட்க வேண்டாம். திண்ணை தெரிந்தவர்களுக்கு. நடைவரை வருகிறவர் உறவு. முற்றம் வீட்டாருக்கு. அந்த வீட்டுக்குத் திரைச்சீலை எதற்கு? நடையின் இருட்டுதான் திரை. வெயிலில் நடந்து வந்தவன் கண்ணுக்கு உள்ளே ஒன்றும் புலப்படாது. உள்ளே இருப்பவர்களுக்கு அவன் நெற்றி வேர்வைகூடத் தெரியும். கோடையில் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி இறங்கும், வசதியுள்ள வீடுகளில் வெட்டிவேர்த் தட்டி. அது வெயிலுக்கு, மறைவு கூடக் கிடைத்த லாபம்.

வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் கணக்கு வேறு. தெருவோரம் உயரமான மதில், அதில் பெரிய கதவு, உள்ளே தோட்டம், அதற்கப்பால் தூண்கள் வைத்த வீடு. தெருவில் நிற்பவனுக்குத் திண்ணை மாதிரி எதுவும் கிடையாது. ஜன்னல்களுக்கு மரச்சட்டத்தில் சரிவாகப் பொருத்திய பலகைக் கதவுகள். 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தள்ளினார்கள். 1763 உடன்படிக்கைக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து கட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் வெள்ளை நகரம் அதற்குப் பிறகு எழுந்தது. இரண்டு கணக்கையும் ஒரே கூரைக்குள் பார்க்க வேண்டுமானால் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகைக்குப் போங்கள். கீழ்த்தளம் நம் வீடு, மேல்தளம் அவர்கள் வீடு. எங்கள் தாத்தாவும் தம் சக்திக்கு அப்படித்தான் செய்தார். திண்ணைச் சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்து, அதற்குப் பலகைக் கதவு போட்டார். தச்சர்கள் அதை 'பெர்சியேன்' என்பார்கள். பாரசீகத்து மாதிரி என்று பொருள்.

பிரெஞ்சில் அதற்கு இன்னொரு பெயரும் உண்டு: 'ழாலுஸி'. பொறாமை என்பதற்கும் அதே சொல்தான். பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆசிரியர் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. இத்தாலியிலிருந்து வந்த பெயர் அது; தன் மனைவியை அடுத்தவன் பார்த்துவிடக் கூடாது என்று கணவன் பொருத்துகிற மறைப்பு. நம் பழைய சொற்களைப் பாருங்கள். காலதர் என்றால் காற்று வரும் வழி. பலகணி என்றால் பல கண்கள் உடையது. ஜன்னல் என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, அலமாரியும் சாவியும் வந்த மாதிரி. காற்றுக்கும் கண்ணுக்கும் பெயர் வைத்த நாம் பொறாமைக்கு வைக்கவில்லை என்று அன்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் அந்த ஜன்னலருகே என் பெரிய அத்தை உட்கார்ந்திருப்பார்.

அத்தைக்கு இருபது வயது முடியுமுன் வீட்டுக்காரர் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் திண்ணைக்கு வந்ததில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பலகைகள் வெளிப்புறமாகக் கீழே சரிந்திருக்கும். தெருவிலிருந்து எட்டிப் பார்ப்பவனுக்கு எங்கள் வீட்டு உத்தரம் மட்டும் தெரியும். உள்ளே இருப்பவருக்குத் தெருவின் தரை தெரியும். அதனால் அத்தைக்கு ஊர் முழுவதும் கால்களால் பழக்கம். "செட்டியாருக்கு வலது கால் வீங்கியிருக்கு, டாக்டர்கிட்ட போகச் சொல்லு" என்று அப்பாவிடம் சொல்வார். அவர் முகத்தைச் செட்டியார் பார்த்திருக்கவே மாட்டார்.

பிரெஞ்சு அரசு சட்டப்படி ஊரைக் கைமாற்றிக் கொடுத்த 1962ஐ ஒட்டித்தான் எங்கள் வாசலறைக்கு டியூப் லைட் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம். அத்தைக்கு அல்ல. மாட விளக்கின் காலத்தில் இரவிலும் உள்ளே இருட்டு, அவர் இருப்பது யாருக்கும் தெரியாது. இப்போது பலகை இடுக்குகளில் வெளிச்சம் கோடுகோடாகத் தெருவில் விழுந்தது. அவர் உட்கார்ந்தால் நடுவில் நாலைந்து கோடுகள் அணைந்துபோகும். எதிர்வீட்டுப் பையன்கள் அதைக் கண்டுபிடித்துக் கேலி பேசினார்கள். அத்தை விளக்கை அணைத்துவிட்டு உட்கார ஆரம்பித்தார். "விளக்கு வைக்கிற நேரத்துல இருட்டுல உட்காராதே" என்று பாட்டி திட்டுவார். சில மாதங்களில் அவர் முற்றத்துக்கே போய்விட்டார்.

என் கணிப்பில், நம் ஊர் வீடுகளுக்குள் துணித்திரை நுழைந்தது நாகரிகத்தால் அல்ல, மின்விளக்கால். வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் அம்பலம். வலைத்துணி பகலில் நம் பக்கம், இரவில் தெருவின் பக்கம். கனத்த துணி போட்டால் மறைவு உண்டு, காற்று இல்லை. ஒட்டும் படலத்தில் இரண்டு பக்கமும் குருடு. பிரெஞ்சுக்காரர்கள் 'பிரீஸ்-பீஸ்' என்று ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் சின்னத் துணி போடுவார்கள். மேலே வெளிச்சம் வரும், கீழே மறைவு. நல்ல யோசனைதான். ஆனால் என் மனைவிக்கு முழங்கால் வலி. நாள் முழுவதும் நாற்காலியில் இருக்கிறவள். அவளுக்குத் தெரு வேண்டும்.

கடைசியில் தச்சரைக் கூப்பிட்டேன். மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து அவள் தலைக்கு நான்கு விரல் மேலே பென்சிலால் கோடு போட்டோம். அதுவரை சரிவுப் பலகை, அதற்கு மேல் வெறும் கண்ணாடி. விளக்கை மட்டும் இடம் மாற்றச் சொன்னேன். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்ததை ஜன்னலுக்கு மேலேயே, தெருப்பக்கச் சுவரில் மாட்டியாகிவிட்டது. இப்போது நிழல் உள்பக்கம் விழுகிறது, கோடுகள் அணைவதில்லை. இரவு தெருவில் நின்று இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

மின்காரர் அரை மணி நேரத்தில் செய்துவிட்டுப் போன வேலை. அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை.