கெடு

பெயர்ச்சொல். ஒரு வேலையை முடிக்க, பணம் கட்ட, மனு கொடுக்கக் குறித்த கடைசி நாள். அதுவரை உள்ள அவகாசம். 'காலக்கெடு' என்றும் வழங்கும்.

பால் கெட்டது என்கிறோமே, அந்த வினைச்சொல் வேறு. இந்தக் கெடுவின் உறவுகள் பக்கத்து மொழிகளில் உள்ளன: கன்னடத்திலும் தெலுங்கிலும் 'கடுவு' என்றால் கெடுநாள், மலையாளத்தில் 'கடு' என்றால் தவணைப் பணம். மூன்றிலும் முதலெழுத்தை 'கஜம்' என்பதில் வரும் ககரம்போல ஒலிக்க வேண்டும். கேரள, கர்நாடக எல்லைகளை ஒட்டிய கூடலூர் வட்டத்தில், தேவர்சோலைக் கடைத்தெருவில் நின்றால் இந்த உறவு எளிதில் விளங்கும்.

ஆட்சி வழக்கு: அங்கே கேபிள் இணைப்பு தருபவருக்கும் கெடு உண்டு. முன்பு தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்தார்கள். 2025 ஜனவரி 17 முதல் மத்திய அரசின் 'பிராட்காஸ்ட் சேவா' இணையதளத்தில் பதிவு. கட்டணம் 5,000 ரூபாய், ஆயுள் 5 ஆண்டு. புதுப்பிக்கும் மனுவை அது முடிவதற்கு 90 நாள் முன்னதாகவே போட்டுவிட வேண்டும். சிக்னல் வழங்கும் பெரிய நிறுவனங்களோ, சந்தாதாரர் கணக்கை மாதம் முடிந்த 7 நாளுக்குள் சேனல்காரர்களுக்குத் தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி.

ஒப்பிடுக: தவணை (பிரித்துக் கட்டும் பணம் அல்லது முறை); வாய்தா (நீதிமன்றம் தள்ளிவைக்கும் நாள்; 'வாக்குறுதி' எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழி வந்தது).

வழக்கு: கெடு வை, கெடு விதி, கெடு கேள், கெடு தவறு.