வழுவும் வழாநிலையும்: 'சஹானா' மென்பொருளின் வரலாறு

வழுவை எழுவகையாக வகுத்தனர் எம் இலக்கண நூலோர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்பன அவை. வழுவற்றதனை வழாநிலை என்றும், வழுவாயினும் காரணம் பற்றி ஏற்கப்படுவதனை வழுவமைதி என்றும் கூறினர். இன்று கணினி நிரலிலே காணும் பிழைக்கும் 'வழு' என்றே தமிழர் பெயரிட்டுள்ளனர். பொருத்தமான பெயர் என்பதே எமது துணிபு.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எம் நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாத்தளை மலைகளுக்கு அலை வரவில்லை, செய்தி வந்தது. காணாமற் போனோர் யாவர், எம்முகாமில் எத்தனை பேர், எந்த ஸ்தாபனம் எங்கே உதவுகின்றது என்பவற்றை ஒருங்கே அறிய வழியில்லை. அவ்வேளை மென்பொருள் வல்ல தொண்டர்கள் ஒன்றுகூடிச் சில வாரங்களுள் ஆக்கியதே 'சஹானா'. சிங்களத்தில் ஆறுதல், நிவாரணம் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. சஞ்சீவ வீரவரண முதலியோர் 2003இல் நிறுவிய லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷன் இதற்குத் துணைநின்றது.

இத்தகைய கருவியில் வழு என்பது விளையாட்டன்று. ஒருவன் பெயர் மும்மொழியிலும் மூவிதமாகப் பதியப்பட்டால், தேடிவரும் தாய்க்கு மகன் அகப்படமாட்டான்.

முதல் வடிவம் அந்த ஒரு பேரிடருக்கென அவசரத்திற் பிறந்தது. பிறநாட்டார் எடுத்தாளப் போதாது. ஆதலின் 2005இல் அதனை மீண்டும் எழுதி, எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தந்து வெளியிட்டனர். அவ்வாண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டின் சமூகநலத் திட்டத்துக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதற்கு அளித்தது.

திறந்த மூலநிரலைப் பலர் திருத்தும்போது குழப்பம் வாராதிருப்பது எங்ஙனம்? நிரலை இரு கிளையாக வைத்திருப்பர். ஒன்று மக்கள் கையிலுள்ள நிலையான பதிப்பு. மற்றையது வளர்ந்துவரும் பதிப்பு. புதிய வசதிகள் வளரும் கிளைக்கே செல்லும். நிலையானதில் வழுத் திருத்தம் மாத்திரமே இடம்பெறும். அத்திருத்தத்தை மற்றக் கிளைக்கும் கொண்டுபோக மறந்தால், போன பிழை அடுத்த வெளியீட்டில் திரும்பிவந்து நிற்கும். குறித்த நாளுக்குப் பின் புதியன சேர்ப்பதை நிறுத்தித் திருத்தங்களை மட்டும் ஏற்பர். அப்படியும் எஞ்சும் சிறுவழுக்களை மறைக்காது குறிப்பில் எழுதி வெளியிடுவர். இதுவே மென்பொருளின் வழுவமைதி!

வழுவை அறிவிக்க நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. எந்தப் பதிப்பு, என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என நான்கு வரி போதும். எம் சங்கத்து இளைஞர் எவரும் இதனைச் செய்யலாம்.

பலர் பார்த்தால் பிழை தங்காது என்பாருமுளர். நாம் அதனை முற்றாக ஒப்புவதற்கில்லை. இணையத்தின் இரகசியங்களைக் காக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' நிரலில் 2012 மார்ச்சில் வெளிவந்த ஒரு வழு 2014 ஏப்ரல் வரை வெளிப்படவில்லை. 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட அதற்குரிய திருத்தம் மிகச் சிறியது. அதை எண்ணற்ற கணினிகளில் ஏற்றுவித்ததே பெரும்பாடு.

சஹானாவுக்கு வேறொரு சோதனை நேர்ந்தது. 2010 ஜனவரி 12இல் ஹெயிட்டியில் நிலம் நடுங்கியபோது, 'பைதன்' மொழியில் வளர்ந்துகொண்டிருந்த புதிய கிளையைக் களத்தில் இறக்கினர். எழுதுவதும் திருத்துவதும் பயன்படுத்துவதும் ஒரேவேளையில் நடந்தன. பழைய 'பி.எச்.பி.' வழியில் வந்தது 'அகஸ்தி' எனப் பெயர்பெற்றது. அகத்தியரை நினையாது அப்பெயரைச் சொல்ல எம்மால் இயலவில்லை. புதியது 'ஈடன்'. கைகள் சில, பணிகள் இரண்டு. ஒன்றிற் கண்ட திருத்தம் மற்றதற்கு உதவாது. காலப்போக்கில் ஈடனே தொடர்ந்து வளர்க்கப்பட்டது.