சிதம்பரம் தேர் நேரலையும் இணையப் போக்குவரத்து நெறிமுறைகளும்

ஆனியிலும் மார்கழியிலும் நடராசர் தரிசனத்துக்கு முந்தைய நாள் சிதம்பரத்தில் தேரோட்டம். விநாயகர், முருகன், நடராசர், சிவகாமியம்மன், சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள் வீதி வரும். தேர் வீதியிலிருந்து நேரலை விடுபவரும், கடலூரில் அதைக் கைபேசியில் பார்ப்பவரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "சுத்திக்கிட்டே இருக்கு." பழி இணைய வேகத்தின் மேல் விழுகிறது. தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளைக் கொண்டுசெல்லும் நெறிமுறைக்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பதே என் வாதம்.

சென்னையிலிருந்து சிதம்பரம் சுமார் 230 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்ப மூன்று மில்லிவினாடி கூட ஆகாது. ஆனால் கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட அளவீட்டில் இந்தியாவின் சராசரிக் குறைந்தபட்சச் சுற்றுத் தாமதம் 188 மில்லிவினாடி. பரவலான போக்குவரத்து நெறிமுறையான டிசிபி பாக்கெட்டுகளை மறுபடி அனுப்ப நேர்ந்தது 8%. தென்கொரியாவில் இவை 38 மில்லிவினாடியும் 1 விழுக்காடும்தான். டிசிபியின் வேகம் தாமதத்துக்கும் இழப்பின் வர்க்கமூலத்துக்கும் எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது 1997 முதல் அறியப்பட்ட சூத்திரம். மறு அனுப்புதலை இழப்பின் அளவாகக் கொண்டால், நம் இணைப்புக்குக் கிடைப்பது கொரிய இணைப்பின் பதினான்கில் ஒரு பங்கு. அலைக்கற்றை எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று கொள்வது வான் ஜேக்கப்சன் 1988இல் விளக்கிய முறை. சிக்னல் தடுமாறித் தொலைந்தாலும் டிசிபி வேகத்தைக் குறைத்துவிடும். வரிசைக் கட்டுப்பாடு இன்னொரு சுமை. முன்தேர் முடுக்கில் நின்றால் பின்தேர்கள் நகர முடியாது. டிசிபியிலும் ஒரு பாக்கெட் வராவிட்டால், வந்து சேர்ந்த மற்றவை செயலிக்குப் போகாமல் காத்துக்கிடக்கும்.

வரிசையைக் கட்டாயப்படுத்தாத யூடிபி மேல் கட்டப்பட்டு 2021 மே மாதம் தரமாக்கப்பட்ட குயிக் நெறிமுறை, ஒலியையும் படத்தையும் தனி ஓடைகளாக்க இடம் தருகிறது. ஒன்றின் இழப்பு மற்றதை நிறுத்தாது. எது தொலைந்தது என்பதையும் துல்லியமாகக் கண்டறிகிறது. அதே கூகுள் ஆய்வில், குயிக்கால் யூடியூபில் படம் நின்று சுற்றுவது இந்தியக் கணினிகளில் 22.1%, கைபேசிகளில் 20.2% குறைந்தது. கொரியக் கணினிகளில் குறைவே இல்லை. வலை நலிந்த ஊருக்கே நெறிமுறைச் சீர்திருத்தம் அதிகம் உதவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆகவே நேரலைத் தரத்தைச் சென்னையில் அளந்து கடலூருக்கும் பொருத்துவது தவறு.

தேர் வீதி நெரிசல் மெய்யானது. எந்த நெறிமுறையும் கைபேசிக் கோபுரத்தின் கொள்ளளவைக் கூட்டாது என்பது நியாயமான மறுப்பு. ஆயினும் இருக்கும் கொள்ளளவைச் சரியாகச் செலவிடுவது நெறிமுறையின் வேலை. அதை நாம் பார்ப்பவர் பக்கத்தில் மட்டுமே பேசுகிறோம். நேரலையை மேலேற்றப் பரவலாகப் பயன்படும் ஆர்டிஎம்பி நெறிமுறை இன்றும் டிசிபியின் மேல்தான் ஓடுகிறது. 2017இல் திறந்த மூலமாக்கப்பட்ட எஸ்ஆர்டி நெறிமுறை, யூடிபி மேல் இயங்கி, குறித்த தாமத எல்லைக்குள் மட்டும் மறுபடி அனுப்பி, காலம் கடந்ததைக் கைவிடுகிறது. முதல் மாற்றம் இங்கேதான் வேண்டும்: சிதம்பரம் கீழ வீதியில் கேமராவிலிருந்து ஏறாமல் போன காட்சியைக் கடலூரில் குயிக்காலும் மீட்க முடியாது.